துணைக்கு வந்தவள்

“இவங்க உங்க மனைவி இல்லை” என்றாள் ஞானசௌந்தரி.

லாசரஸ் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்து நாற்காலியில் இருந்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

“நேத்து இரும்புலியூர்ல உங்க வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது நிஜ ரத்தினபாய். ‘அந்த ஆள் பேரை இங்க எடுக்காதீங்க’ன்னு மூஞ்சியில அடிச்சாப்பல சாத்திட்டாங்க.”



தொண்ணூற்றெட்டாம் வருஷம். எய்ட்ஸ் மாத்திரையை வெளியே வாங்கினால் வீட்டை விற்க வேண்டும். தாம்பரம் ஆஸ்பத்திரியில் நடக்கும் இந்த ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் இலவசம். ஆனால் ஒரு விதி உண்டு. நோயில்லாத சொந்தக்காரர் ஒருவர் துணைக்கு வர வேண்டும். காலையும் ராத்திரியும் அவர் கண்ணெதிரில்தான் மாத்திரையை விழுங்க வேண்டும்.

விதியைப் போட்டவளே ஞானசௌந்தரிதான். உளவியலில் டாக்டர் பட்டம். கொடுக்க மாத்திரையே இல்லாத காலத்திலிருந்து இந்த நோயாளிகளோடு கிடக்கிறாள். மாத்திரை வந்த பிறகு, அதை ஏன் பாதியில் விடுகிறார்கள் என்று கண்டுபிடிப்பது வேலையானது. கூட ஆளில்லாதவர்கள்தான் விடுகிறார்கள் என்று கண்டுபிடித்தாள். டெல்லி மாநாட்டில் போய்ச் சொல்லிக் கைதட்டும் வாங்கினாள்.

அந்த விதியைத்தான் இந்த இரண்டு பேரும் ஏமாற்றியிருக்கிறார்கள்.

“உன் நிஜப் பேர் என்ன?”

நேற்று வரை ‘நீங்க’. இன்று ‘நீ’.

“எல்லம்மா. பொழிச்சலூரு. சித்தாள் வேலை.”

“இவருக்கு என்ன முறை?”

“மொறை இன்னா மேடம். தெரிஞ்சவரு. வூட்ல தொரத்திட்டாங்க, எங்க பக்கம்தான் கீறாரு.”

“பொண்டாட்டின்னு சொல்லிக்க எவ்வளவு வாங்கறே? கோர்ட் வாசல்ல ஜாமீனுக்கு ஆள் நிக்கும். இங்கேயும் வந்துட்டீங்களா?”

எல்லம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

“இவராண்ட இன்னா கீது மேடம், நான் வாங்க? பம்மல் தோல் ஷெட்லயும் வேலைக்கு வாணான்ட்டாங்க. எப்பனா ஒரு டீ வாங்கிக் குடுப்பாரு. அதுவும் என் காசுல.”

“மேடம், என்னை நிறுத்திடாதீங்க” என்றான் லாசரஸ். “மாத்திரை நின்னா நான் அவ்ளோதான். பசங்களை ஒரு தடவையாவது பாத்துட்டு...”

“பொய் சொன்னா நிறுத்தணும். அதான் விதி.”

சொல்லிவிட்டு அவனுடைய ரிப்போர்ட்டைப் பார்த்தாள். ஒரு வேளை மாத்திரைகூடத் தவறவில்லை. எடை ஏறியிருக்கிறது. இவனைப் போல யாருக்கும் குணம் தெரியவில்லை. அடுத்த மாநாட்டில் இவனைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று ஆராய்ச்சியின் தலைவர் டாக்டர் தோத்தாத்ரி வேறு சொல்லியிருக்கிறார்.

கொஞ்சம் இறங்கி வந்தாள்.

“சரி. ஒழுங்கா முழுங்க வச்சிருக்கே. சொந்தமா இல்லாட்டி போகுது, உன் பேரையே துணைன்னு எழுதிக்கறேன். ஆனா ரத்தம் பாக்கணும். அன்னிக்கு ஊசின்னா பயம்னே, விட்டுட்டேன். இன்னிக்கு விடமாட்டேன். கையை நீட்டு.”

எல்லம்மா கையை மடியில் ஒளித்துக்கொண்டாள்.

“அது வாணாம் மேடம்.”

“ஏன்?”

“இங்கயே எடுத்துட்டாங்க. மாசியில. எனக்கும் இதே நோவுதான்னாங்க. வூட்டுக்காரர் செத்தாச்சி, வேற யாரும் இல்லன்னேன். கூட ஆளில்லாம மாத்திரை கெடையாதுன்னு நீங்கதான் திருப்பி அனுப்சீங்க. எழுதிக்கினே சொன்னீங்க, என்னைப் பாக்கல.”

ஞானசௌந்தரி நிமிர்ந்து பார்த்தாள். அப்போதும் அந்த முகம் ஞாபகம் வரவில்லை.

“வெளிய வந்தேன். கேட்டாண்ட இவரு குந்திகினு அழுதுகினு இருந்தாரு. இவருக்கும் ஆளில்ல. தொணைக்கு வர்றவங்களுக்கு நோவு இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்க. அப்ப ரெண்டு பேர்ல ஒருத்தருக்குத்தானே மேடம் கெடைக்கும்? இவருக்குப் புள்ளைங்க கீது.”

ஞானசௌந்தரிக்குச் சட்டென்று வேறு பயம் வந்தது.

“அப்ப இவர் மாத்திரையில நீயும் பங்கு போடறியா?”

லாசரஸ் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். “எத்தினியோ தபா கெஞ்சிட்டேன் மேடம். பாதி எடுத்துக்கன்னு. கையால தொட மாட்டேங்கறா.”

“எப்படி மேடம் தொடுவேன்?” என்றாள் எல்லம்மா. “பங்கு போட்டுத் துன்னா ரெண்டு பேருக்குமே கேக்காதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”