அஜிதா டீச்சரின் அட்டெண்டன்ஸ்

தலைமையாசிரியர் தெய்வநாயகத்துக்கு அன்று காலையில் இருப்புக் கொள்ளவில்லை.

வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். கையில் செல்போன். எந்த நிமிஷமும் வட்டார அலுவலகத்திலிருந்து அழைப்பு வரலாம். இன்றைக்கும் உங்கள் பள்ளி அட்டெண்டன்ஸ் ஏறவில்லையே என்று அங்கே மகன் வயதில் ஒருவன் கேட்பான். தலை நரைத்த மனிதர் அவனுக்குப் பதில் சொல்லித் தொலைக்க வேண்டும்.

எல்லாம் இரண்டாம் வகுப்பு அஜிதா டீச்சரால் வந்த வினை.

திற்பரப்புக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது அந்தப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் கொஞ்சம்தான். மற்ற வகுப்புகளில் மணி அடித்ததும் பேரைக் கூப்பிட்டு, செல்போன் ஆப்பில் ஏற்றிவிட்டு, பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த அம்மாவுக்கு மட்டும் முதல் பீரியட் முழுக்க அதற்கே சரியாகப் போய்விடுகிறது.

அப்படி என்னதான் செய்கிறாள் என்று ஒருநாள் ஜன்னலோரம் நின்று காது கொடுத்தார்.

"அபிஷா."

"உள்ளேன் டீச்சர்."

"உனக்க பூச்சக்குட்டி கண்ணு தொறந்துதா?"

அவ்வளவுதான். பூனைக்குட்டி ஒரு கண்ணைத் திறந்ததும், மறு கண்ணைத் திறக்காமல் அழிச்சாட்டியம் செய்ததுமாக அந்தப் பெண் ஒரு பாட்டம் கதை சொல்லி முடித்தாள். டீச்சர் மோவாயில் கை வைத்து, சட்டசபையில் பட்ஜெட் வாசிப்பதைக் கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் அடுத்த பேர். அடுத்த கதை. தெய்வநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே கூப்பிட்டுக் கண்டித்தார். "சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள். காரணமெல்லாம் தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பிட்டார். மறுபடியும் "சார், அது வந்து..." என்றாள். காரணம் கேட்க நேரமில்லை என்றார்.

நேரம் இல்லாதவர்தான். போன மாதம் பெற்றோர் கூட்டத்தில், பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்று மூச்சு விடாமல் பேசியதிலேயே அவருடைய நேரமெல்லாம் தீர்ந்துபோயிருக்கும்.

மே மாதம் ஓய்வு பெறப் போகிறார். இத்தனை வருஷம் கெட்ட பெயர் வாங்காமல் காலம் தள்ளியாயிற்று. கடைசி நேரத்தில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்துவிட்டால் அசிங்கம். அஜிதாவுக்கு மெமோ கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டார்.

ஆனாலும் அவளுக்கு இதுதான் முதல் வேலை. வந்த இடத்திலேயே மெமோ வாங்கினால் காலத்துக்கும் கூடவே வரும். அதை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது. கடைசியாக ஒரு தடவை செய்து காட்டிவிடுவோம் என்று, மணி அடித்ததும் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தார்.

"டீச்சர், இன்னைக்கு நான் எடுக்கேன். நீங்க பாத்துக்கிட்டு நில்லுங்க. இதுக்குப் பொறகும் இழுத்தீங்கன்னா மெமோதான்."

அஜிதா சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

பேர், உள்ளேன் சார். பேர், உள்ளேன் சார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் வகுப்பு முழுக்க முடிந்துவிட்டது. ஆப்பிலும் ஏறிவிட்டது.

"பாத்தீங்களா? இவ்வளவுதான் வேல."

நிம்மதியாகத் திரும்பினார். பிள்ளைகள் புத்தகத்தை எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை எடுங்கள் என்று சொன்ன பிறகும் யாரும் அசையவில்லை.

முன்வரிசையில் ஆன்சி எழுந்தாள். வலது கையை இறுக மூடி வைத்திருந்தாள்.

"சார், அட்டெண்டன்ஸ் முடிஞ்சா?"

"முடிஞ்சிட்டு மக்கா. உக்காரு."

"பேரு மட்டும்தான விளிச்சீங்க. ஒண்ணும் கேக்கல்லியே?"

தெய்வநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. இந்த அம்மா பிள்ளைகளை நன்றாகத்தான் பழக்கி வைத்திருக்கிறாள்.

"இங்க படிக்க வந்தியா, கத சொல்ல வந்தியா? கதையெல்லாம் காலத்த எழும்பினதும் வீட்டுல அம்மைட்ட சொல்லிட்டு வரணும்."

"வீட்டுல ஆரும் இல்லியே சார்" என்றாள் ஆன்சி. "அம்மையும் அப்பனும் விடியதுக்கு முன்ன ரப்பர் பாலு வெட்டப் போயிருவினும். நான் எழும்பும்போ ஆரும் இருக்கமாட்டினும். நானே குளிச்சி, நானே கதவப் பூட்டிட்டு வருவேன்."

"எனக்க வீட்டுலயும் அப்படித்தான் சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். பக்கத்தில் இரண்டு தலைகள் ஆடின. அப்புறம் இன்னும் சில.

அவர் அஜிதாவைப் பார்த்தார். இதைத்தான் அவள் சொல்ல வந்தாள். சொல்ல வந்தபோதெல்லாம் யார் கேட்டார்கள்?

தெய்வநாயகத்துக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி மக்கா. நீ சொல்லு, நான் கேக்கேன்."

ஆன்சி அவர் பக்கத்தில் வந்து, மூடியிருந்த கையை மெல்ல விரித்தாள். உள்ளே ஒரு சின்னப் பால்பல்.

"காலத்த விழுந்துது சார். இன்னும் ஆருக்கும் தெரியாது."