அன்றைய வினைச்சொல்

பேராசிரியர் தணிகாசலம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினம் ஓர் ஆங்கில வினைச்சொல்லை விளக்குவார். நேற்று மோதிரத்தைக் காணோமென்று, வீட்டுவேலைக்கு வரும் அஞ்சலையின் பையை வாசலில் எல்லோர் முன்பும் கொட்டவைத்தார். பிறகு அது அவருடைய ஷேவிங் டப்பாவிலேயே கிடைத்தது.

"அவ வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

காலையில் 'அப்பாலஜைஸ்' பற்றி எழுதினார். கிரேக்க வேர், ஆதியில் தன் தரப்பை வாதிடுவது என்றுதான் பொருள், வருத்தம் தெரிவிப்பதெல்லாம் பிற்பாடு வந்து சேர்ந்தது. அனுப்பியதும், சொல்லியே முடித்துவிட்டதுபோல் இருந்தது.

அழைப்புமணி அடித்தது. யாரும் கேட்காமலே அஞ்சலை பையைக் கால்மிதியின்மேல் கவிழ்த்தாள். சீப்பு, சோற்று டப்பா, மாத்திரை அட்டை.

"பாத்துக்குங்க சார். போறப்பவும் காட்டிட்டே போறேன்."

எதிர்வீட்டு வரதன் எட்டிப்பார்த்தார். "சார், இன்னைக்கு விளக்கம் பிரமாதம்!"

சீப்பை எடுத்துப் பையில் போடக் குனிந்த பேராசிரியருக்கு நிமிர வரவில்லை.