பொடியில்லாத பில்டர்

ஒண்டிக்கட்டை தாமோதரனின் சமையலறையில் பித்தளை பில்டர் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் டாக்டர், "தூக்கம் வரணும்னா காபியை விடுங்க" என்று சொல்லிவிட்டார். தாமோதரன் பில்டரைக் கழுவித் துடைத்துப் பரணில் ஏற்றினார். அதன் இடத்தில் டீத்தூள் டப்பாவும் சாக்லேட்டும் வந்து உட்கார்ந்தன.

பில்டருக்கு வயிறு எரிந்தது. "ஏண்டி, என் டிகாஷன்ல இருக்கிற அதே காஃபீன் உங்கிட்டயும்தானே இருக்கு?" என்று மேலேயிருந்து கத்தியது.

"இருக்குக்கா, கொஞ்சம் கம்மி" என்றது டீ டப்பா.

"எங்கிட்டயும் துளி இருக்கு. யாரு கேட்டா?" என்றது சாக்லேட்.

அப்படியும் தாமோதரனுக்குத் தூக்கம் வராததால் டாக்டர் மறுபடி விசாரித்து, டீயையும் சாக்லேட்டையும்கூட விடச் சொன்னார். டீ டப்பா வேலைக்கு வரும் சரசுவோடு போனது. சாக்லேட் எதிர்வீட்டுக் குழந்தையிடம் போனது. 'ஒழிந்தார்கள்' என்ற பில்டரின் சந்தோஷம் சாயங்காலம்வரைகூட நிற்கவில்லை. சண்டை போடக்கூட ஆளில்லை.

நாலு மணிக்குத் தாமோதரன் பழக்கதோஷத்தில் வந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி பில்டரை இறக்கினார். பொடி போடாமல் வெறும் வெந்நீரை ஊற்றி மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ சொட்டுற சத்தம் இல்லாம பொழுதே ஓடல" என்றார்.

பொடியில்லாத வெந்நீர் ஒரே ஓட்டமாக இறங்கிவிடும். இறங்கிவிட்டால் அவர் எழுந்து போய்விடுவார். பில்டர் தன் ஓட்டைகளையெல்லாம் இறுக்கிக்கொண்டு, ஒவ்வொரு சொட்டாக விட்டது.