மைனஸ் ஏழு

"பச்சை லைட்ட மட்டும் பாருங்க."

பார்த்தான்.

வலது கண்ணின் இமைகளை ஒரு கம்பி விரித்துப் பிடித்திருந்தது. மூட நினைத்தாலும் மூடாது.

"கண்ணு ஆடிருமோன்னு பயப்படாதீங்க," என்றார் டாக்டர். "மெஷின் கூடவே வரும். ரொம்ப ஆடுனா அதுவே நின்னுரும். ஒரு முடியளவுகூடத் தப்பாது."

அதுவே நின்றுவிடும்.

மஞ்சரியின் ஸ்கூட்டருக்குப் பின்னால் வந்த லாரி நிற்கவில்லை.

மஞ்சரி அவன் மனைவி. இந்த ஆபரேஷனுக்குப் பெயர் கொடுத்து வைத்தவளும் அவள்தான். அவனுக்குப் பவர் மைனஸ் ஏழு. 'சோடாபுட்டி' என்பாள். கண்ணாடி இல்லாம ஒரு நாளாவது என்னைப் பாருடா என்பாள்.

அவள் போன பிறகு தேதியைத் தள்ளிக்கொண்டே வந்தான். மச்சினன் விடவில்லை.

"அக்கா ஆசப்பட்டுச்சுல்ல மாமா."

ஒத்துக்கொண்டான். இன்று நீலச் சட்டையில் கூடவே வந்து வெளியே உட்கார்ந்திருந்தான் மச்சினன்.

தேதியைத் தள்ளியது பயத்தில் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

காலையில் விழிப்பான். கண்ணாடி போடும்வரை எதற்கும் விளிம்பு கிடையாது. கட்டிலின் அந்தப் பக்கம் போர்வை சுருண்டு கிடக்கும். தலையணைமேல் அவளுடைய கறுப்புத் துப்பட்டா. அதை அங்கே போட்டுவைத்தவன் அவன்தான்.

முதுகைக் காட்டிப் படுத்திருப்பாள்.

கண்ணாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். எடுக்க மாட்டான். தினமும் ஆபீசுக்குத் தாமதம்.

லேசர் டிக் டிக்கென்று அடித்தது. முடி கருகும் வாடை.

"அது ஒண்ணுமில்லீங்க. அப்படித்தான் வரும்."

அவனுக்கு அந்த வாடை தெரியும். கொள்ளி வைத்தவன்.

"அவ்ளோதான், இந்தக் கண்ணு முடிஞ்சுது. கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க."

"நாளைக்குக் காலைல வீட்டம்மா மூஞ்சி பளிச்சுனு தெரியும். அப்பறம் எங்களத் திட்டக் கூடாது."

நர்ஸ் சிரித்தாள். வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிற ஜோக் போலிருக்கிறது.

கம்பி இடது கண்ணுக்கு வந்தது.

அவன் கையால் பொத்திக்கொண்டான்.

"கைய எடுங்க சார்."

"இது வேண்டாங்க டாக்டர்."

"இப்பத்தான பாத்தீங்க, எவ்ளோ துல்லியமா வேல செய்யுதுன்னு."

"துல்லியமாத்தாங்க செய்யுது."

"ஒரு கண்ணு தெளிவு, ஒரு கண்ணு மங்கல்னா தலை சுத்தும்."

"இருக்கட்டுங்க."

டாக்டர் கையுறையைக் கழற்றினார்.

வராந்தாவுக்கு வந்தான். வலது கண்ணில் லேசாகப் புகை படிந்தாற்போல இருந்தது. இருந்தும் எல்லாம் தெரிந்தது. சுவரில் எழுதியிருந்த எழுத்துகள். பல்லியின் வால். வரிசை நாற்காலிகளில், கூட வந்தவர்களின் முகங்கள்.

ஒவ்வொன்றும் அவளில்லாத வேறு யாரோ.

வலது கண்ணை மூடினான்.

கடைசி நாற்காலியிலிருந்து ஒரு நீலம் எழுந்தது. நேராக அவனை நோக்கி வந்தது.

அசையாமல் நின்றான்.

வாயைத் திறந்து மாமா என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.