உப்புக் கரிக்காத வரை

மூன்றாவது காட்சிக்கூடத்தில் அவளுடைய படங்கள் இருந்தன.

புதுச்சேரியில் இப்போது தெருவுக்கு ஒரு காட்சிக்கூடம். காலையிலிருந்து ஒவ்வொன்றாக ஏறி இறங்கிவிட்டாள். இது கடற்கரைக்குப் பின்தெரு. முன்பு ஐஸ் கிடங்காக இருந்ததாம். பழைய மரக்கதவை இறுகச் சாத்தி, உள்ளே ஏசி போட்டிருந்தார்கள்.

சுவரில் பெரிய எழுத்தில் அவன் பெயர்.

ஏழு படங்கள். ஏழின் மூலையிலும் அவன் கையெழுத்து. ஏழின் கீழும், விற்றாயிற்று என்பதற்கான சிவப்பு ஸ்டிக்கர்.

வரைந்தது அவள்.

கல்யாணமானதிலிருந்தே அப்படித்தான். உன் பெயரைப் போட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்பான். அவளும் நம்பித் தொலைத்தாள்.

அவனை விட்டுக் கிளம்பிய அன்று ஒரு துணிப்பையை மட்டும் எடுத்துக்கொண்டாள். படங்களைக் கேட்கவில்லை. பெருந்தன்மை என்றார்கள் தெரிந்தவர்கள்.

பெருந்தன்மையாம், மண்ணாங்கட்டி.

கடற்கரை மணலைப் பசையில் குழைத்துத் துணியில் பூசி, அதன்மேல் வண்ணம் தீட்டிய படங்கள். அந்தச் சொரசொரப்புக்குத்தான் இத்தனை பெயர். ஆனால் மணலை முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கக் கூடாது. அதுவரை அலச வேண்டும். கொஞ்சம் உப்பு தங்கினாலும் போயிற்று. மழைக்காலத்து ஈரத்தை அது இழுக்கும். பூச்சு பொருமும். வண்ணம் செதில் செதிலாக உதிரும்.

அவன் ஒரு நாளும் மணல் அலசும் வாளிப் பக்கம் வந்ததில்லை.

இப்போது நடுக்கூடத்தில் நின்று, வாங்கியவர்களிடம் பேசிக்கொண்டிருந்தான். நூறு வருடமானாலும் ஒரு துளி உதிராது, அதற்கு நான் பொறுப்பு என்றான்.

அவள் நீலப் படத்தின் முன் நின்றாள். அதைப் போல் ஒன்றை இனி அவளால் வரைய முடியாது. அது அவளுக்குத் தெரியும். மணலை அலசாமல் குழைத்த அன்றைக்கு அதற்கு மட்டும்தான் கை தயங்கியது.

கீழ் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு, நாக்கு நுனியில் வைத்தாள்.

அவன் பார்த்துவிட்டான். முகம் ஒரு கணம் வெளுத்தது. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பான். அவள் மறுபடி படத்தின் பக்கம் திரும்பவும் தைரியம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி அவளைக் காட்டினான்.

"இவங்கதான் எனக்கு மணல் அலசிக் குடுப்பாங்க. இந்த ஏழுக்கும் இவங்க அலசுனதுதான்."

எல்லோரும் மரியாதையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் கைகூப்பினாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

வெளியே ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. வாசலுக்குப் போய் அந்த மரக்கதவை அகலத் திறந்தாள். ஓரமாகக் கிடந்த முட்டுக்கல்லைக் காலால் நகர்த்தி, கதவு சாத்திக்கொள்ளாதபடி வைத்தாள்.

கடல்காற்று அவளைத் தாண்டி உள்ளே போனது.