ஹெல்பர்

மாலை வகுப்பில் டீச்சர், ‘ஹெல்ப்’ என்றால் உதவி, ‘ஹெல்பர்’ என்றால் உதவியாள் என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன். பனியன் கம்பெனியில் என் அடையாள அட்டையிலும் ஹெல்பர் என்றுதான் இருக்கிறது. ஆனால் ஆறு வருடமாக மெஷினில் தைக்கிறேன். தப்பாக இருக்குமோ என்று மறுபடி எண்ணினேன், ஆறுதான்.

மறுநாள், நான் தையல் பழக்கிவிட்ட பூபதிக்கு டெய்லர் அட்டை கொடுத்தார்கள்.

“எனக்கு எப்பங்க?” என்று சூப்பர்வைசரைக் கேட்டேன்.

“நீ கூடமாட ஹெல்ப் பண்ற புள்ளதான? கார்டுலயே போட்டிருக்கு பாரு.”

மெஷினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து, மற்ற ஹெல்பர்களைப்போல நூல் பிசிறு வெட்டத் தொடங்கினேன். என் மெஷினில் துணி குவிந்தது. அடுத்தடுத்த மெஷின்களுக்குத் துணி போகாமல் லைன் முழுக்க நின்றது.

“அந்த மெஷின்ல யாரு உக்காருவா?” என்று கத்தினார்.

கத்தரியைக் கீழே வைக்காமல் சொன்னேன்.

“டெய்லரு உக்காரட்டுங்க. நான் கூடமாட ஹெல்ப் பண்றனுங்க.”