மடித் துண்டு

கதவு திறக்கவில்லை.

இரண்டு கைகளையும் துவாரத்துக்குள் விட்டு, நெஞ்சைத் தகட்டோடு ஒட்டி, உடம்பில் கதிரியக்கத் தூசி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் அந்தச் சோதனைக் கூண்டு சொன்னபடியெல்லாம் நின்றேன். பச்சை விளக்கு எரிந்தால் முன்கதவு திறக்கும். வேனில் ஏறி சேரன்மகாதேவிக்குப் போய்விடலாம்.

எரிந்தது சிவப்பு. கழுத்துக்கு நேரே.

என்ன கண்றாவி இது. அணு எரிபொருளைக் கையாண்ட இந்த ஆலையை மூடி இருபது வருஷமாகிறது. எந்தக் கட்டடத்தை முதலில் இடிப்பது, எந்த மண்ணை எவ்வளவு ஆழம் வெட்டி எடுப்பது, எல்லாம் முடிந்து எங்கே பனங்கன்று நடுவது என்று திட்டம் போடுகிற வேலை எனக்கு. இன்று முழுக்க வரைபடத்தோடுதான் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு தடவை ஆலையின் பழைய கழிவுநீர்க் குட்டைப் பக்கம் நடந்ததோடு சரி. அந்த இடம் சுத்தம் என்று திட்டத்தில் எழுதியவனே நான்தான்.

அது சுத்தமில்லை என்றால் என் நாலு வருஷ உழைப்பு குப்பைக்குத்தான்.

பாதுகாப்பு அதிகாரி நிலோஃபர் வந்தாள். மேலப்பாளையத்துப் பெண், என் மகள் வயசு. சட்டையைக் கழற்றி உறையில் போடச் சொன்னாள். பின்பக்கக் குழாயில் கழுவிவிட்டு வரச் சொன்னாள். கழுவிவிட்டு வந்து மறுபடி நின்றேன்.

சிவப்பு. குறைந்திருந்தது, போகவில்லை.

வெளியே வேன்காரன் ஹாரன் அடித்தான். சுத்தமாகிற வரை யாரையும் வெளியே விடக் கூடாது என்பது விதி. அதையும் நான்தான் எழுதினேன். யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போகவும் பெரிய அவசரமில்லை. அங்கேயும் இப்படித்தான் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் நிற்கிறேன்.

சஷ்டி விரதம் என்று என் மனைவி ராஜலக்ஷ்மி தன் தங்கையோடு திருச்செந்தூருக்குப் போனாள். போன வாரம் வேறு மனுஷியாகத் திரும்பி வந்தாள். விரதம் இன்னும் முடியவில்லையாம், யாரும் தொடாமல் ஆசாரமாக, மடியாக இருக்க வேண்டுமாம். தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். கொல்லையில் அவள் துணிக்கென்று ஒரு தனிக் கொடி. என் அம்மா மடி பார்த்த காலத்தில் அதைக் கேலி செய்து வாங்கிக் கட்டிக்கொண்டவள் இவள். அப்படி மடி பார்க்கிறவள் அடுப்படிப் பக்கமே போவதில்லை. மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. இதென்ன மடி?

ஏழாம் மாசத்தில் இருக்கிற எங்கள் மகள் ஸ்னேகா நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஆசையாகக் கேட்டாள். இப்போது வராதே என்றுவிட்டாள் ராஜலக்ஷ்மி. பெற்றவள் சொல்கிற பேச்சா அது?

என்னைப் பிடிக்காமல் போய்விட்டது, பிரிந்து போகப் போகிறாள், அதைச் சொல்லத் தைரியமில்லாமல் சாமியை முன்னால் நிறுத்துகிறாள் என்று முடிவு கட்டியிருந்தேன். ராத்திரியெல்லாம் தூக்கம் கிடையாது.

இன்று காலை எரிச்சல் மண்டைக்கு ஏறிவிட்டது. அவள் முகம் துடைத்துத் தனிக் கொடியில் போட்ட துண்டை வேண்டுமென்றே உருவினேன். மடியாவது மண்ணாங்கட்டியாவது என்று சொல்லிக்கொண்டே என் முகத்தையும் கழுத்தையும் அழுத்தித் துடைத்தேன். நிலைப்படி வரை ஓடி வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். குளிங்கோ, சோப்புப் போட்டுக் குளிச்சுட்டுப் போங்கோ என்று அழுதாள். கிட்டே மட்டும் வரவில்லை.

நான் குளிக்காமலே வேன் ஏறினேன்.

நிலோஃபர் ஒரு கைக்கருவியோடு திரும்பி வந்தாள். ஒட்டியிருப்பது எந்தப் பொருள் என்று பெயர் சொல்லிவிடும் கருவி. என் கழுத்தருகே பிடித்தாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தாள். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இது நம்ம ஆலைச் சாமான் இல்ல. கதிரியக்க அயோடின். தைராய்டுல புத்துநோய்னா ஆஸ்பத்திரியில வச்சுக் குடுப்பாங்கல்லா, அது. வீட்டுல யாருக்கும் குடுத்திருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.

அந்த அயோடின் எட்டு நாளில் பாதியாகிவிடும். இருபது வருஷமாக மூடிக் கிடக்கிற இடத்தில் அது இருக்க வழியே இல்லை. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் கொஞ்ச நாள் தனியாகப் படுக்க வேண்டும், தனித் தட்டில் சாப்பிட வேண்டும், மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது என்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

கர்ப்பிணிகளைக் கிட்டே விடக் கூடாது என்பதையும். ராஜி போனது திருச்செந்தூருக்கு இல்லை, ஆஸ்பத்திரிக்கு.

ஏன் மறைத்தாள் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முப்பது வருஷம் இந்த ஆலைத் தூசியோடு வீட்டுக்குப் போனவன் நான். தெரிந்திருந்தால், இந்த நோயை நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று அன்றைக்கே பாதி செத்திருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

நிலோஃபரிடம் இன்னொரு சோப்பு வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றேன். தண்ணீர்ச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்டிருக்காது.

மூன்றாவது தடவை பச்சை எரிந்தது. கதவு திறந்தது.

வாசலில் போன்களைப் போட்டுவைக்கும் பெட்டியிலிருந்து செல்போனை எடுத்து வீட்டுக்கு அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"ராஜி, சோப்புப் போட்டுக் குளிச்சுட்டேன்" என்றேன்.

வேன்காரன் மறுபடி ஹாரன் அடித்து ஓய்ந்தான்.

"கழுத்துல நன்னா தேச்சேளா?" என்று கேட்டாள்.